அந்நிய முதலீடு வந்தால் யாருடைய சம்பளம் ஏறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆலை தொடங்குகிறது என்றாலும் சரி, மூடிவிட்டுப் போகிறது என்றாலும் சரி, திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவைதான். கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறோம். முன்னால் வந்த பதிலைப் பின்னால் உள்ளவை துணைக்கு இழுப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

அந்நிய முதலீடுன்னா வெளிநாட்டுக்காரங்க பங்குச்சந்தையில பணம் போடுறதுதானே?

அது ஒரு வகை மட்டுமே. ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கைக்குப் போனால் அதை நேரடி முதலீடு என்று கணக்கெழுதுகிறார்கள். சர்வதேச நாணய நிதியமும், பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பும் பின்பற்றும் எல்லை இது. அதற்குக் கீழே இருந்தால் போர்ட்ஃபோலியோ முதலீடு. பின்னது காலையில் வந்து மாலையில் வெளியேறலாம். முன்னதற்கு நிலம், இயந்திரம், ஆள் எல்லாம் வேண்டும்.

நேரடி முதலீட்டுக்குள்ளும் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெறும் மனையில் புதிதாக ஆலை கட்டுவது ஒன்று, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்தை வாங்குவது இன்னொன்று. புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே வரியில்தான் வரும். புது ஆலை வந்தால் ஆள் தேடும் சந்தையில் இன்னொரு முதலாளி கூடுகிறார். வாங்கும்போது பெயர்ப்பலகைதான் மாறுகிறது, பல சமயம் வேலைகள் குறையவும் செய்கின்றன. “இத்தனை கோடி முதலீடு” என்ற தலைப்பைப் பார்த்ததும் இது எந்த வகை என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெளிநாட்டு கம்பெனி நிஜமாவே கூடச் சம்பளம் தருதா, இல்ல பேருக்குச் சொல்றாங்களா?

தருகிறது, ஆனால் வெளியே பேசப்படும் அளவுக்கு இல்லை. இந்தோனேசிய ஆலைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் லிப்சி, ஷோஹோல்ம் இருவரும், கல்வி, ஆலையின் அளவு முதலியவற்றைச் சமன்செய்த பிறகும் வெளிநாட்டு ஆலைகள் உடலுழைப்புத் தொழிலாளருக்குச் சுமார் 12 சதவீதமும் அலுவலகப் பணியாளருக்குச் சுமார் 22 சதவீதமும் கூடுதலாகக் கொடுத்ததைக் கண்டார்கள். கோஸ்டாரிகாவில் ஒரே ஆள் உள்நாட்டு நிறுவனத்திலிருந்து பன்னாட்டு நிறுவனத்துக்கு மாறும்போது என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்த்த ஆய்வில் கிடைத்த விடை சுமார் 9 சதவீதம்.

சமன்செய்யாமல் பார்த்தால் வித்தியாசம் மலைபோலத் தெரியும். காரணம் எளிது: பன்னாட்டு நிறுவனங்கள் அளவில் பெரியவை, ஏற்றுமதி செய்பவை, நகரங்களை ஒட்டி இருப்பவை, படித்தவர்களைப் பொறுக்கி எடுப்பவை. இவை உள்நாட்டு நிறுவனத்துக்குப் பொருந்தினாலும் சம்பளம் கூடத்தான் இருக்கும். சுவீடனில் தனித்தனி ஊழியரின் விவரங்களைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தக் கூடுதலில் பெரும்பகுதி கரைந்தே போனது.

சரி, அந்த 9 சதவீதமாவது ஏன் தருகிறார்கள்? தர்மத்துக்கு அல்ல. பழக்கிய ஆள் பக்கத்து நிறுவனத்துக்குப் போனால் தொழில் ரகசியமும் கூடவே போய்விடும். வேலையை விடுபவர்கள் குறைந்தால் பயிற்சிச் செலவும் குறையும். உள்ளூர் நிலவரம் தெரியாததால், நல்ல ஆள் கிடைக்கக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதும் உண்டு.

பக்கத்துல இருக்கிற உள்நாட்டு கம்பெனிகளிலும் சம்பளம் ஏறிடுமா?

தானாக ஏறாது. மெக்சிகோ, வெனிசுவேலா, அமெரிக்கா மூன்றையும் ஒப்பிட்டு 1996-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு நாடுகளில் ஊதிய உயர்வு வெளிநாட்டு ஆலையின் வாசலோடு நின்றுவிட்டது. உள்நாட்டு ஆலைகளுக்கு அது கசியவில்லை. அமெரிக்காவில் ஓரளவு கசிந்தது.

கசிவதற்கு ஒரு வழி உண்டு: உதிரிபாகமும் சேவையும் வழங்கும் உள்ளூர் நிறுவனங்கள். போட்டியாளருக்குத் தொழில்நுட்பம் போய்விடக் கூடாது என்று கதவைச் சாத்தும் அதே நிறுவனம், தனக்குப் பொருள் தருபவர் தரத்தோடும் நேரத்தோடும் தர வேண்டும் என்பதற்காக அவருக்குச் சொல்லிக்கொடுக்கும். லித்துவேனியாவில் இந்த வழி வேலை செய்ததை 2004-இல் பொருளியலாளர் ஜாவோர்சிக் காட்டினார். கோஸ்டாரிகாவில் பன்னாட்டு நிறுவனத்துக்கு முதல்முறையாகப் பொருள் வழங்கத் தொடங்கிய உள்ளூர் நிறுவனங்கள், நான்கு ஆண்டுகளில் 26 சதவீதம் அதிக ஆட்களை வைத்திருந்தன. அவற்றின் உற்பத்தித்திறனும் 4 முதல் 9 சதவீதம் கூடியிருந்தது. திருகாணி முதல் அட்டைப்பெட்டி வரை எல்லாமே கன்டெய்னரில் வந்து இறங்குகிற ஆலையிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

யாருக்கும் சம்பளம் குறையலேன்னா ஏற்றத்தாழ்வு எப்படி அதிகமாகும்?

பத்துப் பேரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டுத் தொழிலாளர்களுக்குத் தலைக்கு 100, இரண்டு பொறியாளர்களுக்குத் தலைக்கு 200. மொத்தம் 1,200, சராசரி 120. இப்போது வெளிநாட்டு ஆலை வருகிறது. இரண்டு தொழிலாளர்களை 110-க்கு எடுக்கிறது. பொறியாளர்களுக்குத் தட்டுப்பாடு என்பதால் அவர்கள் சம்பளம் 280 ஆகிறது. மீதி ஆறு பேர் அதே 100-இல் இருக்கிறார்கள்.

புதிய மொத்தம் 1,380, சராசரி 138. “ஊதியம் 15 சதவீதம் உயர்ந்தது” என்று அறிக்கை வரும், அது பொய்யும் இல்லை. ஆனால் வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம், அதாவது இடைநிலை ஊதியம், நேற்றும் 100, இன்றும் 100. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு 0.13-லிருந்து 0.21-க்குப் போய்விட்டது. (எல்லோருக்கும் சமம் என்றால் அது 0, ஒருவரே எல்லாவற்றையும் வைத்திருந்தால் 1.)

இதில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. 280 வாங்குபவர்கள் வீடு தேடத் தொடங்கியதும் வாடகை ஏறும். சம்பளம் மாறாத அந்த ஆறு பேரும் அதே வாடகையைத்தான் கட்ட வேண்டும். காகிதத்தில் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை, மாதக் கடைசியில் கையில் இருப்பது மட்டும் குறைந்திருக்கும்.

ஆனா பாடப்புத்தகத்துல ஏழை நாட்டுல தொழிலாளி கூலி ஏறும்னுதானே போட்டிருக்கு?

1941-இல் ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் நிறுவிய தேற்றம் அது. ஒரு நாட்டில் எது ஏராளமாக இருக்கிறதோ அதன் வருமானத்தை வர்த்தகம் உயர்த்தும், எது அரிதோ அதன் வருமானத்தைக் குறைக்கும். ஏழை நாட்டில் பயிற்சியற்ற உழைப்பு ஏராளம் என்பதால் அவர்கள் கூலி உயர வேண்டும். 1980, 90-களில் சந்தையைத் திறந்துவிட்ட பல நாடுகளில் நடந்ததோ நேர்மாறு: படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான இடைவெளி விரிந்தது.

பொருளியலாளர்கள் ஃபீன்ஸ்ட்ராவும் ஹான்சனும் தந்த விளக்கம் எளிமையானது, எங்களுக்கு இன்றும் அதுதான் மிகப் பொருத்தமாகப் படுகிறது. அமெரிக்க நிறுவனம் தன்னிடம் இருப்பதிலேயே திறன் குறைவாகத் தேவைப்படும் வேலையை மெக்சிகோவுக்கு அனுப்புகிறது. ஆனால் மெக்சிகோவில் ஏற்கெனவே இருக்கும் வேலைகளோடு ஒப்பிட்டால் அது திறன் கூடிய வேலை. வேலை எல்லை தாண்டியதும் இரண்டு பக்கமும் திறனாளருக்கான தேவையே கூடுகிறது, எனவே இரண்டு நாட்டிலும் ஏற்றத்தாழ்வு ஏறுகிறது. 1980-களில் எல்லையோர மக்கிலடோரா ஆலைகள் (ஏற்றுமதிக்காகப் பொருத்திக் கொடுப்பவை) குவிந்த பகுதிகளில், ஊதியத்தில் திறனாளரின் பங்கு உயர்ந்ததில் பாதிக்கு மேல் அந்நிய முதலீட்டால் வந்தது என்பது அவர்களின் கணிப்பு.

ஆலை கிளம்பிப் போன நாட்டுல என்ன ஆகுது? அவங்க வேற வேலைக்குப் போயிடுவாங்கல்ல?

பொருளியலாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அமெரிக்க ஆலை வேலைகள் 2000-இல் சுமார் 1 கோடியே 70 லட்சமாக இருந்தவை, 2010-இல் 1 கோடியே 20 லட்சத்துக்கும் கீழே வந்தன. இந்தச் சரிவு முழுவதையும் இறக்குமதியின் தலையில் கட்ட முடியாது. சீன இறக்குமதியால் 1999 முதல் 2011 வரை, பிற துறைகளையும் சேர்த்து, இழந்தவை 20 முதல் 24 லட்சம் வேலைகள் என்பது பொருளியலாளர்கள் ஆட்டர், அசெமோக்ளு குழுவினரின் மதிப்பீடு.

எதிர்பாராத விஷயம் எண்ணிக்கையில் இல்லை. மக்கள் இடம்பெயரவில்லை. வீட்டுக்கடன், வயதான பெற்றோர், விற்க முடியாத வீடு என்று கட்டிப்போடும் காரணங்கள் நிறைய. வர்த்தகத்தால் வேலை இழந்தவருக்கென்றே 1962 முதல் அமெரிக்காவில் ஒரு உதவித்திட்டம் இருந்தது. ஆனால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அந்தத் திட்டத்தின் செலவைவிட, உடல் இயலாமை உதவித்தொகைதான் பல மடங்கு கூடியது. பிரேசிலில் நிலை இன்னும் மோசம். 1990-களின் தொடக்கத்தில் இறக்குமதி வரி குறைந்ததால் அடிபட்ட பகுதிகளை 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வருமான இழப்பு பத்தாவது ஆண்டில் இருந்ததைப் போல் மூன்று மடங்காகியிருந்தது. காலம் காயத்தை ஆற்றவில்லை. ஆலைகள் மெதுவாக வெளியேற, புது முதலீடும் வராமல், ஊரே தேய்ந்தது.

எல்லாத்துக்கும் காரணம் இயந்திரம்தான், வர்த்தகம் இல்லேங்கிறாங்களே?

இரண்டும் உண்டு, தடயம் வேறு. இயந்திரமும் மென்பொருளும் குறிப்பிட்ட வேலைகளைத் தாக்குகின்றன: கணக்கெழுதுவது, ஒரே அசைவைத் திரும்பச் செய்வது போன்றவை. அந்தப் பாதிப்பு நாடெங்கும் பரவிக் கிடக்கும். இறக்குமதி குறிப்பிட்ட தொழில்களைத் தாக்குகிறது, அந்தத் தொழில்கள் சில ஊர்களில் குவிந்திருப்பதால் அந்த ஊர்களே விழுகின்றன. பெரும்பாலான பணக்கார நாடுகளில் நீண்ட கால ஊதிய இடைவெளிக்கு இயந்திரத்தின் பங்கு பெரிது என்பதே பரவலான கருத்து. அதற்காக வர்த்தகத்தைக் கழுவிவிட முடியாது. அந்நிய முதலீடே புது இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறது.

உலக அளவுல ஏற்றத்தாழ்வு குறைஞ்சிருக்குன்னும் சொல்றாங்க. எது உண்மை?

இரண்டும் உண்மை, அளக்கும் அலகு வேறு. நாடுகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்தது, சீனாவும் இந்தியாவும் வளர்ந்ததே முக்கியக் காரணம். பல நாடுகளுக்கு உள்ளே இடைவெளி கூடியது. பொருளியலாளர்கள் லாக்னரும் மிலனோவிச்சும் உலக மக்கள் எல்லோரையும் ஏழையிலிருந்து பணக்காரர் வரை ஒரே வரிசையில் நிறுத்தி, 1988 முதல் 2008 வரை ஒவ்வோர் இடத்திலும் வருமானம் எவ்வளவு வளர்ந்தது என்று வரைந்த கோடு யானையின் உருவம் போல இருந்தது. நடுவில் முதுகு உயர்ந்திருக்கிறது: ஆசியாவின் நடுத்தரம். வரிசையை நூறு பங்காக்கினால் கீழிருந்து சுமார் 80-ஆவது பங்கை ஒட்டிக் கோடு தரையைத் தொடுகிறது: பணக்கார நாடுகளின் கீழ்நடுத்தரம். கடைசியில் தும்பிக்கை மேலே தூக்கி நிற்கிறது: உலகின் உச்சி 1 சதவீதம்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வாதம் செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1988-இல் குறிப்பிட்ட இடத்தில் இருந்தவர்களும் 2008-இல் அதே இடத்தில் இருப்பவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. சோவியத் நாடுகளின் சரிவு, ஜப்பானின் தேக்கம் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் கலந்திருக்கின்றன.

ஜிடிபி ஏறுது, ஏற்றுமதி ஏறுது, என் சம்பளம் மட்டும் ஏன் ஏறல?

ஜிடிபி என்பது நாட்டின் எல்லைக்குள் உருவான மதிப்பு. அது யாருக்குச் சொந்தம் என்று அது சொல்லாது. அயர்லாந்து 2015-இல் 25 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்ததாகப் புள்ளிவிவரம் வந்தது. அந்த ஆண்டு யாருடைய சம்பளமும் அப்படி ஏறவில்லை. சில பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்கே மாற்றி எழுதியிருந்தன, அவ்வளவுதான். கேலி பொறுக்காமல் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் திருத்தப்பட்ட தேசிய வருமானம் என்ற தனி அளவீட்டையே வெளியிட்டு வருகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஆலை இருக்கும் நாட்டில் லாபமே இல்லாதது போலக் காட்டலாம். தாய் நிறுவனத்துக்கு ராயல்டி, மேலாண்மைக் கட்டணம், உள்கடனுக்கு வட்டி, உதிரிபாகத்துக்குக் கூட்டிப் போட்ட விலை என்று லாபம் வெளியே போய்விடும். “நஷ்டத்தில் ஓடுகிறோம், சம்பளம் கூட்ட முடியாது” என்று பேச்சுவார்த்தையில் சொன்னால், ஆண்டறிக்கையில் ‘தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்’ என்ற குறிப்பைத் திறந்து பாருங்கள். ராயல்டி விற்பனையில் எத்தனை சதவீதம், ஐந்து ஆண்டுகளுக்கு முன் எத்தனை என்று பார்த்தாலே பாதிக் கதை தெரியும்.

எங்க கம்பெனி இன்னும் எங்கேயும் போகல. ஆனா “போயிடுவோம்”னு சொல்லியே சம்பளத்தை நிறுத்திடுறாங்க. இதுவும் உலகமயமாக்கலா?

ஆம், கணக்கில் வராத பகுதி இது. மூலதனம் எல்லை தாண்டும், தொழிலாளி தாண்ட மாட்டார். அந்த ஒரு வேறுபாடே பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பக்கத்துக்குக் கனத்தைக் கூட்டிவிடுகிறது. 1990-களில் அமெரிக்காவில் தொழிற்சங்கம் அமைக்க நடந்த முயற்சிகளை ஆய்வாளர் கேட் பிரான்ஃபென்பிரென்னர் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்ட முதலாளிகள் ஆலையை மூடுவதாக மிரட்டியது தெரிந்தது. சொன்னபடி மூடியவர்கள் மிகச் சிலர்.

மிரட்டல் எவ்வளவு மெய் என்பதை ஓரளவு அளக்கலாம். இயந்திரங்கள் தரையில் பதித்தவையா, லாரியில் ஏற்றக்கூடியவையா? சந்தை இங்கே இருக்கிறதா, ஏற்றுமதியா? வழங்குநர்கள் சுற்றிலும் இருக்கிறார்களா? தையல் ஆலையைச் சில மாதங்களில் மாற்றலாம். கார் ஆலையைச் சுற்றி நூறு வழங்குநர்கள் வேரூன்றியிருந்தால் அவ்வளவு எளிதல்ல. உள்நாட்டுச் சந்தைக்காக வந்தவர் சந்தையை விட்டுவிட்டு எங்கே போவார்?

குறைந்தபட்ச ஊதியத்தை ஏத்தினா முதலீடு ஓடிடும்னு சொல்றாங்களே?

முதலில் கணக்கு. பொருளின் ஆலைச் செலவில் கூலி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கூலியை 20 சதவீதம் உயர்த்தினால் செலவு ஏறுவது 2 சதவீதம். ஐபோன் 4-இன் விற்பனை விலையில் சீனத் தொழிலாளர் கூலி 2 சதவீதத்துக்கும் குறைவு என்று ஓர் ஆய்வு பிரித்துக் காட்டியது. ஆகவே தொழிலுக்குத் தொழில் கேள்வியே மாறுகிறது. கூலியின் பங்கு பெரிதாக உள்ள தையல், செருப்பு போன்றவற்றில் மட்டுமே பயத்துக்கு அடிப்படை உண்டு.

அங்கேயும் அனுபவம் மிரட்டல் அளவுக்கு இல்லை. 1990-களில் இந்தோனேசியாவில் பெரிய விளையாட்டுக் காலணி நிறுவனங்களின் வழங்குநர்கள் மீது வெளிநாட்டு நுகர்வோர் அழுத்தம் விழுந்தபோது, அந்த ஆலைகளில் உண்மை ஊதியம் (விலைவாசியைக் கழித்த பிறகு நிற்பது) கணிசமாகக் கூடியது. வேலை எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை, ஆனால் சில சிறிய ஆலைகள் மூடின. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24-இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு ஆடைத் தொழிலின் குறைந்தபட்ச மாத ஊதியம் 3,000 டாக்காவிலிருந்து 5,300 ஆனது. 2018-இல் 8,000, 2023-இல் 12,500. தொழில் ஓடிவிடவில்லை. ஆனால் இடைவெளியைப் பாருங்கள், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் திருத்தம் நடந்தது. நடுவில் உள்ள ஆண்டுகளில் விலைவாசி அதைத் தின்றுகொண்டே இருந்தது.

வர்த்தக ஒப்பந்தத்துக்குள்ளேயே ஊதியத்தைக் கட்டிய உதாரணமும் உண்டு. அதே மூன்று நாடுகளின் பழைய வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டாவுக்குப் பதிலாக 2020 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த அமெரிக்கா-மெக்சிகோ-கனடா ஒப்பந்தப்படி, வரிச்சலுகை பெற வேண்டுமானால் காரின் மதிப்பில் 40 சதவீதம் மணிக்குச் சராசரியாகக் குறைந்தது 16 டாலர் வாங்கும் தொழிலாளர் கையால் உருவாகியிருக்க வேண்டும். விலைவாசியோடு அந்த 16 டாலரை இணைக்காமல் விட்டதுதான் அதில் உள்ள ஓட்டை.

வரிச்சலுகை கொடுத்துக் கூட்டி வர்றது லாபமா?

அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வகுத்தல் போடுங்கள். நிலம், மின்சாரம், வரி விலக்கு எல்லாம் சேர்த்துச் சலுகை 200 கோடி, வேலைகள் 2,000 என்றால் ஒரு வேலைக்கு 10 லட்சம். ஆண்டுச் சம்பளம் 2 லட்சமாக இருந்தால் ஐந்து ஆண்டுச் சம்பளத்தை அரசே கொடுத்த மாதிரி. சலுகைக் காலம் எத்தனை ஆண்டு, அது முடிந்த மறுநாள் நிறுவனம் கிளம்பினால் பணத்தைத் திரும்ப வாங்கும் விதி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

அடுத்து, 2,000 என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேரடி ஊழியர் எத்தனை, ஏஜென்சி மூலம் வரும் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை, “மறைமுக வேலைவாய்ப்பு” என்று பெருக்கிப் போட்டது எத்தனை? இரண்டாவது பதிலில் சொன்ன கூடுதல் சம்பளம் பெரும்பாலும் நேரடி ஊழியருக்கே. அதே தளத்தில், அதே சீருடையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளரின் சம்பளப் பட்டியல் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், எனவே பன்னாட்டு நிறுவனத்தின் சராசரி ஊதியக் கணக்கில் அவர் வரவே மாட்டார்.

வரியைக் குறைத்துக் குறைத்து நாடுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதைத் தடுக்க, 75 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்ற ஏற்பாட்டுக்கு 2021-இல் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் சம்மதித்தன. எல்லா நாடுகளும் அதைச் சட்டமாக்கவில்லை.

ரெண்டு பக்கமும் புள்ளிவிவரம் காட்டுறாங்க. எதை நம்புறது?

காட்டும் எண்ணைவிட, அது எதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். பண ஊதியமா, விலைவாசி கழித்த உண்மை ஊதியமா? சம்பளம் 20 சதவீதமும் விலை 25 சதவீதமும் ஏறியிருந்தால் 1.20-ஐ 1.25-ஆல் வகுங்கள், விடை 0.96. அதாவது 4 சதவீத இழப்பு. சராசரியா, இடைநிலையா என்பதன் வித்தியாசத்தை நான்காவது கேள்வியில் பார்த்தோம். தொடக்க ஆண்டு எது? நெருக்கடி ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் எதுவும் வளர்ச்சியாகத் தெரியும். வீட்டு ஆய்வில் எடுத்த வருமானமா, வரித் தாக்கலிலிருந்து எடுத்ததா? பெரும் பணக்காரர்கள் வீட்டு ஆய்வில் சிக்குவதில்லை, ஆகவே அதில் வரும் கினி எப்போதும் கொஞ்சம் சாந்தமாகவே இருக்கும்.

அப்படின்னா கதவைச் சாத்திட்டா ஏற்றத்தாழ்வு குறையுமா?

வாய்ப்பு குறைவு. மூடிய சந்தையில் போட்டி இல்லாத உள்ளூர் முதலாளிகளின் லாபம்தான் முதலில் ஏறும். இறக்குமதிப் பொருளின் விலை உயர்வும் வருமானத்தில் பெரும்பகுதியைப் பொருள் வாங்கவே செலவிடும் ஏழை வீடுகளைத்தான் அதிகம் அடிக்கும். போன வேலைகளும் போன வடிவத்தில் திரும்பி வருவதில்லை. திரும்பி வரும் ஆலையில் 500 பேர் இருந்த இடத்தில் 50 பேரும் தானியங்கி வரிசையும் இருக்கும்.

எங்க ஊர் ஆலை மூடப் போறாங்களாம். இத்தனை வருஷம் இருந்ததுக்கு என்னதான் மிஞ்சும்?

மூன்றாவது பதிலில் பார்த்த வழங்குநர்களும் கைத்தொழில் கற்ற ஆட்களும்தான். கோஸ்டாரிகாவுக்கு 1990-களின் இறுதியில் வந்த இன்டெல், 2014-இல் சிப் பொருத்தும் பிரிவை ஆசியாவுக்கு மாற்றியது. சுமார் 1,500 வேலைகள் போயின. பொறியியல் பிரிவு அங்கேயே தங்கியது. இதற்குள் மருத்துவக் கருவி செய்யும் பன்னாட்டு நிறுவனங்கள் பல அங்கே வந்திருந்தன, துல்லிய வேலை பழகியவர்களுக்கு அங்கே இடம் இருந்தது. சில ஆண்டுகளில் பொருத்தும் பிரிவு திரும்பியும் வந்தது. 2025-இல் அதை மறுபடியும் வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது.